மேட்டு நிலத்துக்கு ஒரு முள்மரம்: இலந்தையை வளர்த்தலும் பேணலும்

வயலாகவும் பயன்படாது தோட்டமாகவும் பயன்படாது கிடக்கும் ஒரு துண்டு நிலம் உலர் வலயத்துக் கமக்காரர் பலரிடம் உண்டு. மாரி காலத்தில் அதிற் புல் முளைக்கும்; மாசி, பங்குனி பிறந்ததும் அது கட்டாந்தரையாகிவிடும். கிணற்று நீர் அங்கு எட்டாது. எட்டினும், மிளகாய்க்கும் வெங்காயத்துக்குமே போதாத நீரை அந்நிலத்துக்கு இறைப்பார் இலர். இத்தகைய நிலத்திற் பெருஞ் செலவின்றி வளர்ந்து ஆண்டுதோறும் பழந் தரக்கூடிய மரங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, நமது வேலியோரங்களிலும் பற்றைகளிலும் தானே முளைத்து நிற்கும் இலந்தை.

“முள்மரத்தை யாராவது பணங் கொடுத்து நடுவார்களா?” என்று கமக்காரர் கேட்பது இயல்பே. காட்டிலந்தையின் பழம் சிறியது; கொட்டையோ பெரியது; முள்ளோ கொடியது. ஆனால், அதே காட்டுச் செடியின் அடியில் நல்லினத்து அரும்பு ஒன்றை ஒட்டி, ஆண்டுக்கு ஒருமுறை கத்தரித்து வளர்ப்போமாயின், பெரிய நெல்லிக்காயையும் விஞ்சும் அளவில் சதைப்பற்றுள்ள பழங்கள் கிடைக்கும். காலபோக நெல் மழையின்றித் தவறினாலும், சந்தையில் மரக்கறி விலை விழுந்தாலும், அக்குடும்பத்தின் கையில் ஒரு சிறு வருவாய் எஞ்சும். ஒரே பயிரை நம்பி ஆண்டு முழுவதும் கடன்பட்டிருக்கும் கமக்காரருக்கு இஃது அற்ப உதவியன்று. ஆதலால் இம்மரத்தை நட்டுப் பேணும் முறையையும், நட்டோர் பலர் ஏமாற்றமடைவதன் காரணங்களையும் இங்கு விளக்குவோம்.

மரத்தின் இயல்பு

இலந்தையின் தாவரவியற் பெயர் சிசிபஸ் மோரிசியானா என்பதாகும். சிங்களத்தில் இதனை மசன் என்பர். வட இந்தியாவில் பேர் என்பர். இந்தியாவின் இராசத்தான் பகுதியிலுள்ள தார்ப் பாலைநிலத்தின் முக்கிய பழமரம் இதுவே. அப்பகுதியிலுள்ள ஜோத்பூர் நகரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 360 மில்லிமீற்றர் மாத்திரமே. நமது மன்னாரிலோ ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர் பெய்கின்றது. அங்கு வாழும் மரம் இங்கு நீரின்றி மாளும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இம்மரம் வறட்சியைத் தாங்குவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இதன் ஆணிவேர் மிக ஆழமாக இறங்கி, மேல்மண் காய்ந்த பின்னரும் கீழ்மண்ணின் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். இரண்டாவது, இலையின் அடிப்புறம் வெண்மையான மென்மயிரால் மூடப்பட்டிருத்தலால் நீராவி வெளியேறுவது குறையும். மூன்றாவது, கடுங்கோடை காலத்தில் மரம் இலைகளை உதிர்த்து உறங்கும். கோடையில் மொட்டையாக நிற்கும் இலந்தையைக் கண்டு பட்டுப்போயிற்று என எண்ணி வெட்டுவோர் உளர். அஃது இறப்பன்று, உறக்கமே. நகத்தாற் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்த்தாற் பச்சை தெரியும்.

இலைக் காம்பின் அடியில் இரண்டிரண்டாக முட்கள் தோன்றும். ஒன்று நேரானது, மற்றையது கொக்கிபோல் வளைந்தது. நேரான முள் குத்தும். வளைந்த முள் பற்றி இழுக்கும். இம்மரத்தில் வேலை செய்வோர் இதனை மறத்தல் ஆகாது. ஒட்டினங்கள் பலவற்றில் முட்கள் குறைவு. எனினும் முற்றாக இல்லை என எண்ணற்க.

நிலமும் இடமும்

மணல், செம்மண், சரளை, சுண்ணாம்புக்கற் பாறைமீது படிந்த மண் ஆகிய யாவற்றிலும் இலந்தை வளரும். ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். எனவே, கிணற்று நீர் உவராகிக் கொண்டு வரும் கரையோரக் காணிகளுக்கும் இது பொருந்தும். ஆனால், கன்று வேர்பிடிக்கும் முதலாண்டில் உவர் நீரை ஊற்றுதல் நன்றன்று.

நடலாகாத இடங்களும் உள. நெல் வயலின் வரம்பில் நட்டால் நிழல் விழுந்து கதிர் குறையும். உழவுக்கும் சூடடிப்புக்கும் முள் இடையூறாகும். மரக்கறித் தோட்டத்தின் நடுவிலும், பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாடும் முற்றத்திலும் நடுதல் தகாது. மாரியில் வாரக்கணக்காக நீர் தேங்கும் பள்ளமும் ஆகாது; வளர்ந்த மரம் சில நாள் நீரைப் பொறுக்கும், இளங்கன்று பொறுக்காது. மேட்டுக் காணியின் மேற்கு அல்லது தெற்கு ஓரம், வெயில் நன்றாகப் படும் இடம் ஆகியவை ஏற்றவை.

ஒட்டுக்கட்டைக் கன்றுகளை உண்டாக்கல்

விதையிலிருந்து முளைத்த இலந்தை தாய்மரத்தின் பழத்தையே தரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே விதைக் கன்றை ஒட்டுக்கட்டையாக மாத்திரமே கொள்ளல் வேண்டும். அதற்குக் காட்டிலந்தையின் கொட்டைகளே சிறந்தவை.

மரத்தில் நன்கு பழுத்த கனிகளைச் சேர்த்துச் சதையைக் கழுவி நீக்குக. கொட்டைகளை நீரிலிட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிட்டு, அமிழ்ந்தவற்றை நிழலில் உலர்த்துக. கொட்டையின் ஓடு மிகக் கடினமாதலால் முழுக் கொட்டை முளைப்பதற்கு மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். ஒரு கல்லின்மீது நிறுத்தி மெல்லத் தட்டி, உள்ளிருக்கும் பருப்பைச் சிதையாமல் எடுத்து விதைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைக்கும்.

விதைகளைச் சாதாரண நாற்றுமேடையில் நடலாகாது. இலையிரண்டு விரியுமுன்னரே ஆணிவேர் நீண்டு இறங்கிவிடும். பின்னர் கிண்டி எடுக்கும்போது வேர் அறுந்தால் கன்று பிழைப்பது அரிது. எனவே, ஓர் அடி நீளமும் நாலங்குல அகலமுமான பொலித்தீன் பைகளில், மணல், மண், மக்கிய எரு என்பவற்றைச் சம பங்காகக் கலந்து நிரப்பி, பைக்கு ஒரு விதையாக அரை அங்குல ஆழத்தில் இடுக. சித்திரையில் இட்ட விதை ஆடி, ஆவணியளவில் எழுதுகோற் பருமன் அடைந்து ஒட்டுவதற்கு ஆயத்தமாகும்.

நீர் வசதி அறவே இல்லாத காணிக்கு இன்னொரு முறை உண்டு. ஐப்பசி மழையுடன், மரம் நிற்க வேண்டிய குழியிலேயே இரண்டு மூன்று விதைகளை இட்டு, வலிய கன்று ஒன்றை மட்டும் விட்டு மற்றையவற்றைக் களைக. அதன் வேர் ஒருநாளும் அசைக்கப்படாமையால் அது வறட்சியை மிக நன்றாகத் தாங்கும். அடுத்த ஆண்டில் அவ்விடத்திலேயே ஒட்டலாம்.

அரும்பொட்டு முறை

அரும்பொட்டு என்பது நல்லினத்து மரத்தின் ஓர் அரும்பைப் பட்டையுடன் சீவியெடுத்து, காட்டுக் கன்றின் பட்டைக்குள் பொருத்தி இணைப்பதாகும். கன்றில் உயிர்ச்சாறு ஓடி, பட்டை எளிதிற் கழலும் பருவத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். கத்தி நுனியால் தூக்கும்போது பட்டை கிழிந்தாற் பருவமன்று. ஈரமாகக் கழன்றால் பருவம்.

தாய்மரத்தில் அவ்வாண்டு விட்ட, நோயற்ற கிளையொன்றை வெட்டுக. இலைத் தகட்டை நீக்கிக் காம்பை மட்டும் விடுக. முட்களை ஒடித்து, கிளையை ஈரச் சாக்கில் அல்லது வாழை மடலிற் சுற்றி நிழலில் வைத்து, அன்றே பயன்படுத்துக. ஒட்டுக்கட்டையில் நிலமட்டத்திலிருந்து ஆறங்குல உயரத்தில், மேலே குறுக்காக ஒரு கீறலும், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓரங்குல நீளக் கீறலும் இடுக. பட்டையின் இரு ஓரங்களையும் மெல்லத் தூக்கி, கேடயம்போற் சீவிய அரும்புத் துண்டை உள்ளே நழுவவிட்டு, அரும்பின் கண் மட்டும் வெளியே தெரியுமாறு பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுக. கத்தி கூரியதாகவும் தூய்மையானதாகவும் இருத்தல் வேண்டும். வெட்டு முகத்தைக் கைவிரலாற் தொடலாகாது.

இரண்டு, மூன்று வாரங்களின் பின் காம்பைத் தொட்டுப் பார்க்க. அது தானே கழன்று விழ, அரும்பு பச்சையாய் இருந்தால் ஒட்டு பிடித்தது. காம்பு சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டுப் பிடிக்கவில்லை. தண்டின் மறுபுறத்தில் மீண்டும் முயலலாம். பிடித்த பின்னர் நாடாவைத் தளர்த்தி, அரும்புக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் விட்டுக் கன்றின் தலையை வெட்டுக. புதுத் தளிர் ஓரடி வளர்ந்ததும் எஞ்சிய துண்டையும் அரும்புக்கு அண்மையிற் சாய்வாக அறுத்துவிடுக.

நின்ற மரத்தை நல்லினமாக்கல்

வேலியில் ஏற்கெனவே காட்டிலந்தை மரம் நிற்குமாயின் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. அதன் வேர் பல ஆண்டுகளாக ஆழச் சென்றிருக்கும். அஃது ஒரு முதலீடாகும். கோடையில் மரம் உறங்கும்போது நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் வாளால் அறுத்து, வெட்டு முகத்திற் சாணமும் களிமண்ணும் கலந்து பூசுக. பல தளிர்கள் வெடித்துவரும். நாற்புறமும் பரவி நிற்கும் நான்கு வலிய தளிர்களை விட்டு மற்றையவற்றை நீக்குக. அவை எழுதுகோற் பருமன் அடைந்ததும் ஒவ்வொன்றிலும் அரும்பொட்டுச் செய்க. புதுக் கன்றைவிட இம்மரம் விரைவாகக் காய்க்கும்.

இனங்களும் கன்று வாங்குதலும்

1959ஆம் ஆண்டு ஜோத்பூரில் அமைந்த மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையம் இலந்தை இனங்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. இந்தியாவிற் பரவலாக நடப்படும் இனங்களுள் கோலா முன்பருவத்திலும், சேப் நடுப்பருவத்திலும், உம்ரான் பின்பருவத்திலும் பழுப்பன. அண்மைக் காலத்தில் அப்பிள் இலந்தை என்ற பெயரில் மிகப் பெரிய காயுடைய கன்றுகளை விற்போரும் உளர். பெயரைக் கண்டு வாங்காது, தாய்மரத்தின் பழத்தைச் சுவைத்துப் பார்த்து வாங்குதல் நன்று. உங்கள் ஊரிலேயே பழத்தாற் பெயர்பெற்ற மரம் ஒன்று இருக்குமாயின், அதன் அரும்பே இவ்விடத்து மண்ணுக்கும் மழைக்கும் பழகியது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கன்றோ கிளையோ கொண்டுவரச் சொல்லுதல் தவறு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று; ஒரு கிளையிலுள்ள பூச்சி முட்டைகள் ஒரு மாவட்டத்தின் பயிரையே கெடுக்கக்கூடும் என்பதற்காகவும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

முக்கியமான வேறொன்றையும் கவனிக்க. இலந்தையின் இனங்கள் பல தம் சொந்த மகரந்தத்தாற் காய்ப்பதில்லை. அவற்றுக்கு வேறோர் இனத்தின் மகரந்தம் வேண்டும்; அதனைக் கொண்டுவருவன தேனீக்களும் ஈக்களும் குளவிகளுமே. ஒரேயோர் ஒட்டு மரத்தைத் தனியே நட்டு, பூத்துப் பூத்து உதிர்கின்றதே என வருந்துவோர் பலர். ஆகவே, குறைந்தது இரண்டு இனங்களைக் கலந்து நடுக.

குழியும் நடுகையும்

கன்றுகளுக்கிடையே 25 அடி இடைவெளி விடுக. அவ்வாறு நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரங்கள் நிற்கும். ஆயினும், முதன்முறை நடுவோர் நான்கு அல்லது ஆறு மரங்களுடன் தொடங்குவதே அறிவுடைமை. பராமரிப்பைப் பழகி, பழம் விற்கும் வழியையும் கண்ட பின்னர் பெருக்கலாம்.

கோடையிலேயே இரண்டரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை அலவாங்காலும் மண்வெட்டியாலும் வெட்டி, வெயிலில் ஆறவிடுக. சுண்ணாம்புக்கல் குறுக்கிட்டால் அதனை உடைத்து வேருக்கு வழி செய்தல் வேண்டும். மேல்மண்ணுடன் இரண்டு கடகம் மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு கலந்து குழியை நிரப்புக. ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பின், பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமற் கன்றை வைத்து நடுக. ஒட்டுப் பொருத்து நிலமட்டத்துக்கு மேல் நிற்றல் இன்றியமையாதது. தடியொன்றை ஊன்றிக் கன்றைத் தளர்வாகக் கட்டுக.

ஆடும் மாடும் இலந்தைத் தளிரை விரும்பி உண்ணும். வேலியடைக்காது நட்ட கன்று ஒரு பகலிற் போய்விடும். வெட்டிய முட்கிளைகளையே கன்றைச் சுற்றி அடைத்தல் செலவற்ற காவலாகும்.

முதல் மூன்று ஆண்டுகள்

முதற் கோடையில் கன்றுக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளி நீர் விடுதல் வேண்டும். அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் அவை தண்டைத் தொடலாகாது, கறையான் ஏறும். இரண்டாங் கோடையில் மாதம் இருமுறை போதும். அதன்பின் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

இக்காலத்தில் ஒருபோதும் தவறவிடலாகாத வேலை, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் காட்டுத் தளிர்களை நீக்குவதாகும். “நல்லினம் என்று வாங்கி நட்டேன், காய்த்ததோ காட்டிலந்தை” என்ற முறைப்பாடு எங்குங் கேட்கப்படுகின்றது. கன்று விற்றவர் ஏமாற்றியதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிகழ்வது வேறு. ஒட்டுக்கட்டையிலிருந்து எழும் காட்டுத் தளிர் மிக வேகமாக வளர்ந்து, மேலேயுள்ள நல்லின அரும்புக்குச் செல்லும் சாற்றை முழுதும் இழுத்துக்கொள்ளும். ஓராண்டில் நல்லினக் கிளை வாடி மறைய, காட்டு மரம் எஞ்சும். மாதம் ஒருமுறை கன்றின் அடியை நோக்கி, ஒட்டுக்குக் கீழ் எழுந்த யாவற்றையும் அடியோடு நீக்குக. இவ்வேலைக்கு ஒரு நிமிடமே செல்லும். செய்யாதுவிட்டால் மூன்றாண்டு உழைப்பும் வீணாகும்.

தண்டை இரண்டரை அடி வரை கிளையின்றி வளர்த்து, அதன்மேல் நாற்புறமும் பரவும் மூன்று அல்லது நான்கு கிளைகளை விடுக. இவையே மரத்தின் சட்டகமாகும். மரங்களுக்கிடையேயுள்ள வெற்று நிலத்தில் முதல் மூன்று காலபோகங்களிலும் பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றை விதைக்கலாம். மண்ணும் வளம்பெறும், காத்திருக்குங் காலத்துக்கு ஒரு சிறு வருவாயும் கிடைக்கும்.

ஆண்டுக் கத்தரிப்பு

இலந்தை வளர்ப்பில் தலையாய வேலை இதுவே. மாமரம் போலன்றி, இலந்தை அவ்வாண்டு புதிதாக விட்ட கிளைகளிலேயே இலைக்கக்கங்களிற் பூத்துக் காய்க்கின்றது. பழைய கிளைகளை அப்படியே விட்டால் மரம் உயர்ந்து, உட்புறம் இருண்டு, முள் அடர்ந்து, நுனிகளில் மட்டும் சிறு காய்கள் காய்க்கும். அக்காய்களைப் பறிக்கவும் இயலாது.

பழம் ஓய்ந்து இலை உதிர்ந்த பின்னர், புதுத் தளிர் வெடிக்குமுன் கத்தரிக்க வேண்டும். சென்ற ஆண்டு வளர்ந்த ஒவ்வொரு கிளையையும் ஏறக்குறையப் பாதியளவுக்குக் குறைக்க. ஒன்றோடொன்று உரசும் கிளைகள், நிலத்தைத் தொடுபவை, நோயுற்றவை, மெலிந்தவை ஆகியவற்றை அடியோடு நீக்குக. வேலை முடிந்தபின் மரத்தின் நடுவே வெயில் விழுதல் வேண்டும்.

காய்க்கும் மரத்தை இவ்வளவு வெட்டுவதா என்று கமக்காரர் தயங்குவர். நான்கு மரம் உடையோர் இரண்டைக் கத்தரித்து, இரண்டைக் கத்தரியாது விட்டு, வரும் பருவத்தில் பழத்தின் பருமனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெட்டிய கிளைகளில் இலையிருந்தால் அஃது ஆட்டுக்கு உணவு, முட்கிளை வேலிக்கு, தடித்தவை விறகுக்கும் கருவிப் பிடிகளுக்கும் ஆகும்.

இவ்வேலைக்குத் தடித்த சட்டையும் செருப்பும் அணிக. கொக்கத்தடியால் இழுக்கும்போது கண்ணைக் காத்துக்கொள்க. ஆழமாக முள் ஏறினால் அதனைச் சிறிதென எண்ணாது, புண்ணைக் கழுவி, அரசினர் வைத்தியசாலையில் ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக.

பசளையும் நீரும்

மாரி தொடங்கும்போது, காய்க்கும் மரம் ஒன்றுக்கு இரண்டு மூன்று கடகம் மக்கிய எருவை, தண்டை விட்டு மூன்றடி தள்ளி வட்டமாக வெட்டிய ஆழமற்ற வாய்க்காலில் இட்டு மூடுக. இரசாயனப் பசளை இடுவதாயின் மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுதல் வேண்டும். நைதரசன் மிகுந்தால் இலையும் முள்ளும் பெருகும், பழம் பெருகாது. பிஞ்சு பருக்கும் காலத்தில் மண் முற்றாகக் காய்ந்தால் காய் உதிரும். அப்போது இரண்டு அல்லது மூன்று முறை நீர் விட வசதியிருந்தால் பயனுண்டு. பழம் நிறம் மாறத் தொடங்கியபின் நீரை நிறுத்துக.

பகைகள்

இராசத்தானில் இலந்தைக்கு இடர் நீரின்மை. நமது பகுதியிலோ மூன்று மாதங்களில் ஒருங்கே பெய்யும் மழையின் ஈரம். அவ்வீரத்தில் இளம் பிஞ்சிலும் தளிரிலும் வெண்பூஞ்சண நோய் தோன்றும். மாவு தூவியதுபோல் வெண்படலம் படிந்து, பிஞ்சு தவிட்டு நிறமாகி உதிரும். கத்தரித்து வெயிலும் காற்றும் உட்செல்லச் செய்வதே முதல் மருந்து. மிஞ்சினால், நீரிற் கரையும் கந்தகத் தூளைப் பொதியிற் குறித்த அளவிற் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அடுத்த பகை பழ ஈ. ஈ பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும். புழு சதையைத் தின்று, பழத்துடன் விழுந்து, மண்ணுக்குட் சென்று கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும். ஆகவே, விழுந்த பழங்களை நாள்தோறும் கூட்டிப் பொறுக்கி, கட்டிய பையில் வெயிலில் இட்டு அல்லது இரண்டடி ஆழத்திற் புதைத்து அழிக்க. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டினாற் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் கோழிக்கும் இரையாகும். இதனை ஒருவர் மட்டுஞ் செய்து பயனில்லை. அயலான் வேலியில் அழுகிக் கிடக்கும் பழத்திலிருந்து உங்கள் மரத்துக்கு ஈ வரும். ஊரார் சேர்ந்து செய்தல் வேண்டும்.

பூச்சிநாசினி தெளித்தலில் மிக்க எச்சரிக்கை வேண்டும். மரக்கறியைக் கழுவிச் சமைத்து உண்கிறோம். இலந்தைப் பழத்தையோ பிள்ளைகள் மரத்தடியிற் பொறுக்கி, சட்டையில் துடைத்து, அவ்வாறே வாயிற் போடுவர். இது எவராலுந் தடுக்க முடியாத வழக்கம். ஆதலால் மிளகாய்க்கு வாங்கி மிஞ்சிய நாசினியை இம்மரத்துக்குத் தெளித்தல் பெரும் பிழை. காய் பருக்கத் தொடங்கியபின் நஞ்சு தெளிக்காமலே பேணுவதை விதியாகக் கொள்க. பூக்கும் காலத்திலும் தெளிக்கற்க. தேனீ மாண்டால் காய்ப்பும் மாளும்.

அறுவடையும் பயனும்

ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டளவிற் பயன்தரத் தொடங்கும். பூத்ததிலிருந்து பழுப்பதற்கு, இனத்துக்கேற்ப நான்கு முதல் ஆறு மாதம் செல்லும். பச்சை நிறம் மாறிப் பொன்மஞ்சள் படரும்போது பறிக்க. முதிராது பறித்த காய் வீட்டில் வைத்தாலும் இனிக்காது. செம்பழுப்பாகும் வரை விட்டாற் சதை மாவாகிவிடும். எல்லாம் ஒருங்கே பழுப்பதில்லையாதலால் நான்கைந்து முறை பறிக்க வேண்டும். தடியால் அடித்து உதிர்த்த பழம் கன்றிப்போய் விரைவில் அழுகும். கையாற் பறித்து, நிழலில் ஓலைப் பெட்டியில் இட்டு, பெரியது சிறியது எனத் தெரிந்து விற்றால் நல்ல விலை கிட்டும். இந்திய வறள் நிலங்களில், மழையை மட்டும் நம்பிய நன்கு வளர்ந்த மரம் ஒன்றில் 50 கிலோவும் அதற்கு மேலும் கிடைப்பதுண்டு.

இப்பழத்தில் உயிர்ச்சத்து சி மிகுதி. இதிலே தோடம்பழத்துக்கு அது பின்னிடுவதன்று. விலைபோகாத சிறு பழங்களை வெயிலில் உலர்த்தி வைக்கலாம். தமிழ்நாட்டில், பழத்தை இடித்து, வெல்லமும் மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்துத் தட்டி உலர்த்தி, இலந்தை வடை என்று விற்கின்றனர். நமது மாதர் சங்கங்களும் இதனை ஒரு கைத்தொழிலாக மேற்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை

வறட்சியைத் தாங்கும் மரமென்றால் எவ்விடத்தும் நட்டுவிடலாம் என்று எண்ணலாகாது. 1950ஆம் ஆண்டுகளில் அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர் நிலத்தைத் திருத்தவென நடப்பட்ட சீமைக் கருவேல், பின்னர் புந்தல தேசிய வனம் வரை பரவி, புல்வெளிகளை மூடி, பெருந் தொல்லையாயிற்று. இலந்தையும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திற் களையாகவே கருதப்படுகின்றது. மாடு பழத்தைத் தின்று கொட்டையைப் புல்வெளியெங்கும் பரப்பியதே காரணம். எனவே மரத்தடியில் மாட்டைக் கட்டாது, விழுந்த பழத்தை அகற்றி, வேண்டாத இடத்து முளைத்த கன்றைச் சிறிதாயிருக்கும்போதே வேரோடு களைந்துவிடுக. பேணப்படும் இலந்தை பழமரம். கைவிடப்பட்ட இலந்தை முட்பற்றை.

வேலைகளின் சுருக்கம்

பழம் ஓய்ந்து இலையுதிர்ந்த பின்: கத்தரித்தல், மரத்தடியைக் கொத்திப் புரட்டல், புதுக் குழி வெட்டல்.

சித்திரை: ஒட்டுக்கட்டைக்கு விதையிடல்.

ஆடி, ஆவணி: அரும்பொட்டுச் செய்தல்.

ஐப்பசி, கார்த்திகை: கன்று நடல், எரு இடல், இடைப்பயிர் விதைத்தல்.

மாரி முழுவதும்: வெண்பூஞ்சணம் கண்காணித்தல், நீர் தேங்காது வடித்தல்.

பழக்காலம்: விழுந்த பழத்தை நாள்தோறும் அகற்றல், கையாற் பறித்தல்.

எல்லா மாதமும்: ஒட்டுக்குக் கீழ் எழும் தளிரை நீக்கல்.

அரும்பொட்டுச் செய்யும் முறையை எழுத்தாற் படித்தறிதல் கடினம். ஒருமுறை கண்ணாற் கண்டால் எளிது. உங்கள் கமக்காரர் அமைப்பிற் பத்துப்பேர் விரும்பினால், பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துச் செய்து காட்டும்படி கேட்கலாம். வேலியில் நிற்கும் காட்டிலந்தை ஒன்றும் கூரிய கத்தியொன்றும் இருந்தால் அன்றே தொடங்கலாம்.